இன்டெலிஜென்ஸ் ஆறு

(ரோல்பிளேயிங் ஆட்டக்காரர்களும் நாடக மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரோல்பிளேயிங் கேமில் நம்மைவிடப் பலசாலியை ஆடுவதில் சிரமமே இல்லை. நான் மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற ஆள். கேரக்டர் ஷீட்டில் ஸ்ட்ரெங்த் 18 என்று இருந்தால் போதும், கோட்டைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்துவிடுவேன், பகடை பார்த்துக்கொள்ளும். நம்மைவிடப் புத்திசாலியை ஆடவும் வழி இருக்கிறது. ஆட்டத்தை நடத்தும் டிஎம் ஒரு குறிப்புக் கொடுப்பார், பக்கத்தில் இருப்பவர் யோசனை சொல்வார், 'என் மந்திரவாதிக்கு இது தெரிந்திருக்குமே' என்று பகடையை உருட்டலாம். சிக்கல் எதிர்ப்பக்கத்தில்தான். நமக்குப் புரிந்துவிட்டது, நம் கேரக்டருக்குப் புரிந்திருக்காது என்றால் என்ன செய்வது? இல்லாத பலத்தை விதி கொடுத்துவிடும். இருக்கிற புத்தியைப் பிடுங்கி வைக்க எந்த விதியாலும் முடியாது. அந்த வேலையை ஆடுகிறவர்தான் செய்தாக வேண்டும்.

மக்கு கேரக்டரை எடுத்தவர்கள் பொதுவாக இரண்டு விதமாக மேசையைக் கலைக்கிறார்கள். ஒரு சாரார் பாதி ஆட்டத்தில் மறந்துபோகிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத கோடரிக்காரன் திடீரென்று முற்றுகைத் திட்டம் வகுப்பான், ஒப்பந்தத்தில் ஓட்டை கண்டுபிடிப்பான். இன்னொரு சாரார் மறப்பதே இல்லை. மூச்சுக்கு மூச்சு அசட்டுத்தனம்: இழுக்க வேண்டிய கதவை முட்டுவது, விஷக் குப்பியை எடுத்துக் குடிப்பது, ராஜா முன்னால் ஏப்பம் விடுவது. முதல் வகையில் கேரக்டர் காணாமல் போகிறது. இரண்டாம் வகையில் கேரக்டரைத் தவிர மற்ற எல்லாமே காணாமல் போகிறது. இரண்டில் எனக்கு எரிச்சல் தருவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் இன்டெலிஜென்ஸ் என்ற அந்த எண்ணைச் சரியாகப் படிப்போம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோதே அதன் ஆறு குணங்களில் ஒன்றாக இன்டெலிஜென்ஸ் இருந்தது. மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினால் 3 முதல் 18 வரை ஏதோ ஒன்று வரும். மூன்று பகடைகள் விழக்கூடிய விதம் மொத்தம் 216. அதில் 6 அல்லது அதற்குக் குறைவாக வருவது 20 விதத்தில். அதாவது, பதினொரு பேரில் ஒருவருக்கு இன்டெலிஜென்ஸ் 6 அல்லது அதற்கும் கீழ். 8 வரை என்று எடுத்துக்கொண்டால் 56 விதம், நான்கில் ஒருவர். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், பகடை உருட்ட விரும்பாதவர்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு எண்கள் தயாராக இருக்கின்றன. சண்டைக்காரனை எடுப்பவர் அந்த 8-ஐக் கண்ணை மூடிக்கொண்டு இன்டெலிஜென்ஸில் தள்ளிவிடுவார். டம்ப் ஸ்டாட் என்று நாம் சொல்வது அதைத்தான். தள்ளிய மறுகணமே 'என் ஆள் சுத்த மக்கு' என்று குரலை மாற்றிக்கொள்கிறார். ஐயா, அவன் மக்கு இல்லை. உங்கள் அலுவலகத்தில் நான்கு பேரில் ஒருவர் அவனைப்போலத்தான் இருப்பார்.

இன்னும் ஒரு கணக்கு. 6 இருந்தால் இருபது முகப் பகடையில் கழிக்க வேண்டியது வெறும் 2. டிசி 10 உள்ள, அதாவது 10 எடுத்தால் போதும் என்கிற ஒரு சாதாரண காரியத்தில் சராசரி மனிதன் இருபதில் பதினொரு முறை ஜெயிப்பான். 6 உள்ளவன் ஒன்பது முறை ஜெயிப்பான். இருபது தடவைக்கு இரண்டு தடவை வித்தியாசம்! இதற்காகவா எச்சில் ஒழுகவிட்டுக்கொண்டு நடிக்கிறோம்? அதே ஐந்தாம் பதிப்பில் மனிதக் குரங்குக்கும் இன்டெலிஜென்ஸ் 6 என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 'என் ஆள் குரங்கு மாதிரி' என்பவர்கள் உண்டு. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதில் தெளிவாக இருந்தது: விலங்குகளுக்கு 1 அல்லது 2, பேச்சைப் புரிந்துகொள்ளும் எதற்கும் 3-க்குக் குறையக் கூடாது. ஐந்தாம் பதிப்பில் ஃபீபிள்மைண்ட் என்றொரு மந்திரம் உண்டு. இன்டெலிஜென்ஸை ஒரேயடியாக 1 ஆக்கிவிடும். பாதிக்கப்பட்டவனுக்கு மொழியே புரியாது. அப்போதும் அவனுக்குத் தன் நண்பர்களை அடையாளம் தெரியும், அவர்கள் பின்னால் போவான், அவர்களைக் காப்பாற்றவும் செய்வான் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஒன்றிலேயே இவ்வளவு மிச்சம் இருந்தால் ஆறில் எவ்வளவு இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

எனவே, 'எவ்வளவு மக்கு' என்ற கேள்வி பயன்படாது. 'எந்த இடத்தில் மக்கு' என்று கேளுங்கள். நான் சொல்ல வந்தது முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். நான் டிஎம்மாக இருந்த ஆட்டம். கோட்டை நகரத்துக்குள் ஆயுதம் கொண்டுபோகத் தடை. பார்ட்டி உப்பு மூட்டைகளுக்குள் வாள்களைப் புதைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறது. மந்திரவாதி எல்லாருக்கும் பாடம் எடுக்கிறார்: "நாம உப்பு வியாபாரிங்க. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லணும்." கூட வருகிறவன் போரக், பார்பேரியன், இன்டெலிஜென்ஸ் 6. வாசலில் காவலன் வண்டியைத் தட்டிப் பார்த்து, "உப்பா? மூட்டை என்ன விலை?" என்கிறான். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். போரக் உடனே, "நாலு வெள்ளி. ரெண்டா எடுத்தா ஏழு" என்று சொல்லி மூட்டையை இறக்கத் தொடங்கிவிட்டான். காவலனுக்கு விலை பிடித்துப்போயிற்று. இரண்டு மூட்டை உப்பு, உள்ளே மூன்று வாள், ஏழு வெள்ளிக் காசுக்குக் காவல் கொட்டடிக்குப் போய்விட்டது.

சந்து திரும்பியதும் மந்திரவாதி பாய்ந்தார்: "எதுக்குடா வித்த?" போரக் நிஜமாகவே புரியாமல் கேட்டான்: "வியாபாரின்னு சொல்லிட்டு விக்க மாட்டேன்னா அவனுக்குச் சந்தேகம் வராதா?"

மேசையில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் சொன்னது சரிதானே! விற்காத வியாபாரியை எந்தக் காவலனும் சந்தேகப்படுவான். வேஷத்தை மற்ற எல்லாரையும்விட ஒழுங்காகக் கட்டியவன் அவன்தான். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் அந்த நேரத்தில் அவன் தலையில் இல்லை. போரக்கை ஆடிய நண்பர் ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: 'ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான்.' ஆட்டம் முழுக்க அவர் அந்த ஒரு வரியை மட்டும் ஆடினார். மற்ற எல்லாவற்றிலும் போரக் கெட்டிக்காரன். மிருகங்களின் தடம் பார்ப்பான், பேரம் பேசுவான், யார் பசியோடு இருக்கிறார்கள் என்று பார்த்தே சொல்வான்.

இப்படி ஒரே ஒரு ஓட்டையைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாகப் பேசியவர் சொன்னதையே உண்மை என்று நம்புகிறவன் ஒரு வகை. சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவன் ஒரு வகை. தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைப்பவன் ஒரு வகை; ஒளிந்திருக்கும் இடத்தை எதிரியிடமே சொல்லிவிடுவான், அவனுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! முதல் படி தெரியும், இரண்டாம் படி தெரியாது என்பவன் இன்னொரு வகை. எல்லா ஓட்டையையும் சேர்த்து ஒரே ஆள் தலையில் வைத்தால் கிடைப்பது கார்ட்டூன். கார்ட்டூனே வேண்டும் என்றால் அதற்கென்று 1984-இல் டூன் என்ற ஆட்டம் வந்தது. யோசிக்கும் முன் செய்துவிடு என்பது அங்கே ஆட்டக்காரருக்கான அறிவுரை. அதை அங்கே ஆடுங்கள், பிரமாதமாக இருக்கும்.

ஓட்டையைத் தேர்ந்தெடுத்த பிறகு அடுத்தது முக்கியம்: அந்த ஓட்டை இருப்பது உங்கள் ஆளுக்குத் தெரியக் கூடாது. 'கரகாட்டக்காரன்' 1989-இல் வந்தது. அதில் வாழைப்பழக் காட்சியைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க முடியாது. நாடக மாணவர்கள் அதை இன்னொரு முறை செந்திலின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பாருங்கள். கவுண்டமணி தலையைப் பிய்த்துக்கொள்ளும் அளவுக்கு அவர் அமைதியாக இருக்கிறார். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம், இந்த மனுஷன் ஏன் கத்துகிறார் என்கிற நிஜமான குழப்பம் அந்த முகத்தில். சிரிப்பு மூட்டப் போகிறோம் என்ற அறிகுறி ஒன்றுகூட இல்லை. நம் மேசைகளில் என்ன நடக்கிறது? அசட்டு வசனத்தைச் சொல்லிவிட்டு, சிரிக்கிறார்களா என்று சுற்றிப் பார்க்கிறோம். அந்தப் பார்வையில்தான் ஆட்டத்தின் மயக்கம் கலைகிறது, வசனத்தில் இல்லை.

கிரிட்டிக்கல் ரோல் தொடரை 2015-இலிருந்து பார்த்தவர்கள் டிராவிஸ் வில்லிங்ஹாம் ஆடிய குரோகை மறந்திருக்க மாட்டார்கள். அவனுக்கும் இன்டெலிஜென்ஸ் 6. அவனைப் பிடித்துப்போவதற்குக் காரணம் அவனுக்கு என்ன வேண்டும் என்பது எப்போதும் தெளிவாகத் தெரிவதுதான்: சண்டை, ஏல் பீர், பைக் என்கிற குட்டித் தோழியின் நலம். ஆசை இருக்கிற மக்கு மனிதனாகிவிடுகிறான். ஆசை இல்லாவிட்டால் புத்திசாலி மந்திரவாதிகூட அட்டைதான்.

இனி புதிர். மக்கு கேரக்டர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பிடிபடும் இடம் இது. ஒரு கல்லறை, மூன்று நெம்புகோல்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு வாசகம், ஒன்றுதான் உண்மை, மற்ற இரண்டும் பொய். எங்கள் மேசையில் ஒரு கணக்கு ஆசிரியை இருந்தார். நான் வாசித்து முடிக்கும் முன்பே அவருக்கு விடை கிடைத்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. அவருடைய வீராங்கனைக்கு இன்டெலிஜென்ஸ் 6. ஆனால் விஸ்டம் 14. அவர் விடையைச் சொல்லவில்லை. "தரை எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் அதை யோசித்தே வைக்கவில்லை. பெர்செப்ஷன் உருட்டச் சொன்னேன், நன்றாக விழுந்தது, நடு நெம்புகோலுக்குக் கீழே கல் தேய்ந்திருக்கிறது என்று சொன்னேன். அவர் கேரக்டரின் குரலில், "நடுவுல இருக்கறதுக்கு மட்டும் நிறைய பேர் போயிருக்காங்க. ஏன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். பாதித் தூக்கத்தில் இருந்த மந்திரவாதி எழுந்து உட்கார்ந்து வாசகங்களை மறுபடி படிக்க ஆரம்பித்தார். விடை வர வேண்டிய வாயிலிருந்து வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, ஆட்டத்தின் விதியே இவருக்கு வழி வைத்திருக்கிறது என்பது. இன்டெலிஜென்ஸும் விஸ்டமும் தனித்தனி எண்கள். கண்ணால் பார்ப்பது, ஆளை எடைபோடுவது, ஆபத்தை மோப்பம் பிடிப்பது எல்லாம் விஸ்டம் கணக்கில் வரும். முடிச்சுப் போடத் தெரியாதவனுக்கும் நூல் இருக்கும் இடம் தெரியலாம். இம்ப்ரோவைசேஷன் நாடகம் கற்றவர்கள் கீத் ஜான்ஸ்டன் 1979-இல் எழுதிய 'இம்ப்ரோ' புத்தகத்தைப் படித்திருப்பீர்கள். சாமர்த்தியமாக ஏதாவது சொல்ல முயலாதே, எல்லாருக்கும் பட்டவர்த்தனமாகத் தெரிவதைச் சொல் என்பது நடிகர்களுக்கு அவர் தந்த அறிவுரை. மக்கு கேரக்டருக்கு இதைவிட நல்ல அறிவுரை கிடையாது. எல்லாரும் பார்த்தும் ஒருவரும் சொல்லாததைச் சொல்லுங்கள், முடிவை அடுத்தவருக்கு விடுங்கள்.

அதுவும் முடியவில்லையா? கேரக்டரை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு, 'இதை நான் ஆட்டக்காரனாகச் சொல்கிறேன், உன் மந்திரவாதிக்குத் தோன்றியதாக வைத்துக்கொள்' என்று சொல்லிவிடுங்கள். இதைத் தீட்டு மாதிரி பார்க்கும் சுத்த சைவர்கள் சிலர் உண்டு. எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் ஒரு கதவு முன்னால் ஆறு பேர் முழிப்பதைவிட இது மேல்.

புத்திக் குறைவே ஒருவனைக் காப்பாற்றும் ஆட்டமும் இருக்கிறது. சாண்டி பீட்டர்சன் எழுதி 1981-இல் கேயாசியம் வெளியிட்ட கால் ஆஃப் கதுலு. அதில் ஒரே அடியில் ஐந்து அல்லது அதற்கு மேல் சானிட்டி புள்ளி போனால் புத்தியை வைத்து ஒரு பகடை உருட்ட வேண்டும். ஜெயித்தால், பார்த்த பயங்கரம் என்ன என்று முழுசாக விளங்கிவிடும்; அதனால் தற்காலிகமாகப் பைத்தியம் பிடிக்கும். தோற்றால், விளங்கவில்லை, தப்பித்தான். பேராசிரியர் தரையில் உருண்டுகொண்டிருக்க, லாரி டிரைவர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். குறைந்த எண்ணுக்கு ஒரு கௌரவம் கொடுத்த விதி என்று இதை நான் எப்போதும் பாராட்டுவேன்.

கம்ப்யூட்டர் ஆட்டங்களுக்கு வேலை சுலபம். உங்கள் புத்தியைப் பிடுங்க முடியாவிட்டாலும், பேசக்கூடிய வாக்கியங்களைப் பிடுங்கிவிடலாம். 1997-இல் வந்த ஃபால்அவுட்டில் இன்டெலிஜென்ஸ் மிகக் குறைவாக வைத்தால் உறுமலும் முனகலும்தான் மிஞ்சும். 2019-இல் வந்த தி அவுட்டர் வேர்ல்ட்ஸில் குறைந்த புத்தியோடு கப்பலை நானே ஓட்டுகிறேன் என்று உட்கார்ந்தால் நேரே சூரியனுக்குள் கொண்டுபோய் விட்டுவிடலாம். ஆட்டம் அதோடு முடியும். இவை வேடிக்கை. இவற்றைவிட எனக்குப் பிடித்தது 1998-இன் ஃபால்அவுட் 2. கிளமத் என்ற ஊரில் டோர் என்று ஒரு மாடு காப்பவன். சாதாரண ஆள் பேசினால் குழந்தை மாதிரி மழலையில் பதில் சொல்வான். உங்கள் ஆளுக்கும் புத்தி அவனளவு குறைவாக இருந்தால், இரண்டு பேரும் பண்டிதர்களைப்போல நீண்ட, அழகான வாக்கியங்களில் உரையாடுவார்கள். இதை எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வெளியிலிருந்து கேட்கிற நமக்குத்தான் அது உளறல்.

இதிலிருந்து பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். மக்கு என்றதும் இலக்கணம் உடைந்த பேச்சு, திக்குவாய், தன்னையே படர்க்கையில் சொல்லிக்கொள்வது எல்லாம் எங்கிருந்து வந்தன? புத்தி குறைந்தவர்கள் பலர் தாய்மொழியைப் பிழையில்லாமல்தான் பேசுகிறார்கள். தமிழில் ஆடும் மேசைகளில் இதைவிட மோசமான ஒரு பழக்கம் உண்டு. சண்டைக்கார மக்கு வந்தவுடன் நம் நாக்கு தானாக ஏதோ ஒரு மாவட்டத்தின் பேச்சைத் தேடிப் போகிறது. மந்திரவாதி சுத்தத் தமிழிலோ ஆங்கிலம் கலந்தோ பேசுவார். மக்கு மட்டும் கிராமத்துக்காரன். சினிமா நமக்குப் பழக்கிவிட்ட வேலை இது. அந்த ஊர்க்காரர் ஒருவர் மேசையில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஆட்டத்தில் எப்படி ஒன்ற முடியும்?

மேற்கில் இதே வினை இனத்தின் பேரில் நடந்தது. 1984-இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் கதைகளில் இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாத கல்லி ட்வார்ஃப் என்றொரு கூட்டமே உண்டு. மூன்றாம் பதிப்பில் ஹாஃப்-ஆர்க் என்ற இனத்தை எடுத்தால் இன்டெலிஜென்ஸில் 2 கழியும். 2016-இல் வந்த ஒரு துணை நூலிலும் ஆர்க்குகளுக்கு அதே கழித்தல் இருந்தது; எதிர்ப்பு கிளம்பிய பிறகு நீக்கினார்கள். 2024 பதிப்பில் குணங்களுக்குக் கிடைக்கும் கூட்டல் எல்லாம் இனத்தை விட்டுக் கேரக்டரின் பின்புலத்துக்கு, அதாவது செய்த தொழிலுக்கும் வளர்ந்த விதத்துக்கும் போய்விட்டது. இதை அரசியல் என்று அலுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டமாகப் பார்த்தாலும் இது நல்ல திருத்தம்: 'எல்லா ஆர்க்கும் மக்கு' என்றால் உங்கள் ஆளிடம் தனியாக ஆட என்ன இருக்கிறது?

'என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்' என்ற வாக்கியத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். போரக் மூட்டையை இறக்கும் முன் அந்த நண்பர் ஒரு விநாடி நிறுத்தி எல்லார் முகத்தையும் பார்த்தார். மந்திரவாதியை ஆடியவர் சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்தார். அதுதான் சம்மதம். முகங்கள் இறுகியிருந்தால் போரக்குக்கு அந்த நேரம் பார்த்து இடுப்பு வலித்திருக்கும், மூட்டை இறங்கியிருக்காது. ஒரு மாலைக்கு ஒரு பெரிய அசட்டுத்தனம் போதும். மற்ற நேரத்தில் உங்கள் ஆள் சமைக்கட்டும், குதிரையைக் கட்டட்டும், அடுத்தவர் கதையைக் கேட்டுக்கொண்டு உட்காரட்டும்.

கடைசியாகச் சண்டை. இங்கேதான் நம்மில் பலர் வேஷத்தைக் கழற்றிவிடுகிறோம். ஃபயர்பால் மந்திரத்தின் ஆரம் 20 அடி. கட்டம் ஒன்றுக்கு 5 அடி. இன்டெலிஜென்ஸ் 6 உள்ள பார்பேரியன் விரல்விட்டு நான்கு கட்டம் எண்ணி ஐந்தாவதில் கச்சிதமாகப் போய் நிற்பான்! பத்து வருடம் படையில் இருந்தவனுக்கு எதிரியின் பின்பக்கம் போகத் தெரியும், கூட்டாளியின் விலாவை மறைத்து நிற்கத் தெரியும். அது தொழில், அதற்குப் புத்தியைக் குறைக்க வேண்டாம். மந்திரத்தின் ஆரத்தை அளப்பது அவன் தொழில் இல்லை. அவன் செய்யக்கூடியது, சண்டைக்கு முன்னாலேயே மந்திரவாதியிடம், "தீ போடறதுக்கு முன்னாடி கத்து, நான் ஓடி வந்துடறேன்" என்று சொல்லி வைப்பது. மந்திரவாதி கத்தினால் ஓடி வரலாம். ஒரு நாள் அவர் கத்த மறந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று எரிய வேண்டியதுதான். எட்டுப் பகடை விழும். அந்தக் கூட்டலையும், மிச்சம் இருக்கும் ஹிட் பாயின்ட்டையும் மட்டும் போரக்கிடம் விடாமல் நீங்களே போடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.